அத்தாட்சிப் பத்திரங்களும் ஊர்ச் சுற்றுப்புறமும்

ஒரு குழந்தை பிறந்து அதற்குப் பெயர் சூட்டப்படுவதற்கு முன்னரே, அதன் பிறப்பு அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிடுகின்றது. பிறகு பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், நிலத்திற்குப் பட்டா என்று பத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேருகின்றன. ஒரு சராசரி விவசாயக் குடும்பத்தின் பெட்டியைத் திறந்து பார்த்தால், நகைநட்டைவிட இப்பத்திரங்களே மிகுந்த இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அவற்றோடு, ஒவ்வொன்றுக்கும் எடுத்து வைத்த நகல்களும் கட்டுக்கட்டாக இருக்கும்.

இப்பத்திரங்கள் தேவையற்றவை என்று எவரும் கூறார். முன்னாளில் ஏழை ஒருவன், தான் இன்னார் என்றும் இந்த நிலம் தன்னுடையது என்றும் மெய்ப்பிக்க வழியின்றி, பிறர் சாட்சியத்தை நம்பி நிற்க வேண்டியிருந்தது. இன்று அவன் கையில் அத்தாட்சி இருக்கின்றது. முதியோர் ஓய்வூதியமும், மாணவர் உதவித் தொகையும், நியாய விலைக் கடை அரிசியும் உரியவரைச் சென்றடைவதற்கு இவையே துணை. ஆகவே அத்தாட்சியைக் குறைப்பது நமது நோக்கமன்று. ஒரே அத்தாட்சியின் பொருட்டு நாம் செலவிடும் காகிதத்தையும், பிளாஸ்டிக்கையும், பெட்ரோலையும், மக்களின் பொழுதையும் எவ்வாறு குறைக்கலாம் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

எங்கள் அலுவலகத்தில் கண்டது

இப்பொருளைப் பற்றிச் சிந்திக்க எங்களைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. எங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திற்குக் கணவனை இழந்த முதிய அம்மையார் ஒருவர், வீடு கட்டும் திட்டத்தின் விண்ணப்பத்தோடு வந்தார். குடும்ப அட்டையின் முன்பக்கத்தை மட்டும் நகல் எடுத்திருந்ததால், பின்பக்கமும் வேண்டும் என்று சொல்லி அவரைத் திருப்பியனுப்பினார்கள். இரண்டாம் முறை வந்தபோது, ஆதார் நகல் மங்கலாக இருப்பதாகக் கூறினார்கள். மூன்றாம் முறை, முன்பு கொடுத்த நகல்கள் வேறொரு கோப்பில் சேர்ந்துவிட்டபடியால் மீண்டும் ஒரு தொகுதி கேட்டார்கள். அன்றுதான் அவர் எங்கள் அறைக்கு வந்து, “ஐயா, ஆளே எதிரில் நிற்கிறேன். அட்டையும் கையில் இருக்கிறது. நீங்களே பார்த்துக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்டார்.

அவருக்குக் கூறத்தக்க விடை எங்களிடம் இல்லை. மூன்று நாள் களையெடுப்புக் கூலியை அவர் இழந்திருந்தார். குற்றம் அவருடையதன்று, எங்கள் அலுவலகத்து வழக்கத்தினுடையது. பின்னர் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தபோது, அதே அம்மையாரின் குடும்ப அட்டை நகல் நான்கு கோப்புகளில் இருந்தது. ஒரு பதிவறை முழுவதும் இவ்வாறான நகல்களே அடுக்கப்பட்டுக் கிடந்தன. அவற்றில் எத்தனை நகல்களை ஒரு முறையேனும் ஒருவர் திருப்பிப் பார்த்திருப்பார் என்று எண்ணியபொழுது எங்களுக்கு நாணமே உண்டாயிற்று.

எடை போட்டுப் பார்ப்போம்

எப்பொருளையும் எடை போட்டுப் பார்த்தே விலை பேசும் வழக்கமுடையவர்கள் விவசாயிகள். அத்தாட்சிப் பத்திரங்களையும் அவ்வாறே எடை போட்டுப் பார்ப்போம்.

நகல் எடுக்கப் பயன்படும் ஏ4 தாள்கள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர் ஆகும். நல்ல தாளின் எடை சதுர மீட்டருக்கு 80 கிராம். எனவே ஒரு தாளின் எடை 5 கிராம். 500 தாள் கொண்ட ஒரு கட்டின் எடை இரண்டரைக் கிலோ.

ஆயிரம் குடும்பங்கள் உள்ள ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். பள்ளிச் சேர்க்கை, பயிர்க் கடன், பயிர்க் காப்பீடு, ஓய்வூதியம், எரிவாயு இணைப்பு, வங்கிக் கணக்கு ஆகிய எல்லாவற்றிற்குமாக ஒரு குடும்பம் ஆண்டுக்குப் பன்னிரண்டு நகல் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். இது மிகையான கணக்கன்று. ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கு 12,000 தாள்கள். எடை 60 கிலோ. நகல் ஒன்றுக்கு 2 ரூபாய் என்றால் 24,000 ரூபாய். நாற்பது ஊராட்சிகள் அடங்கிய ஓர் ஒன்றியத்திற்கு 2,400 கிலோ காகிதமும், ஒன்பது இலட்சத்து அறுபதாயிரம் ரூபாயும் ஆகின்றன. இது மக்கள் கையிலிருந்து செல்லும் பணம். எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இது தோன்றுவதில்லை.

காகிதம் வானத்திலிருந்து விழுவதில்லை. அது மரக்கூழிலிருந்தோ, கரும்புச் சக்கையிலிருந்தோ, பழைய காகிதத்திலிருந்தோ செய்யப்படுகின்றது. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 1979-இல் தோற்றுவிக்கப்பட்டு, சர்க்கரை ஆலைகளின் கரும்புச் சக்கையை முதன்மையான மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்து வருகின்றது. மரத்தைக் காப்பதற்கு இது சிறந்த வழி. எனினும் சக்கையைக் கூழாக்குவதற்கும், வெளுப்பதற்கும், உலர்த்துவதற்கும் நீரும் இரசாயனமும் எரிபொருளும் தேவை. ஒரு கிலோ காகிதத்தின் பின்னால் பல குடம் தண்ணீர் இருக்கின்றது என்பதை, ஒரு மடை நீருக்காக இரவெல்லாம் காத்திருக்கும் விவசாயிக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நகல் எடுக்கும் கருந்தூளும் வெறும் கரியன்று. அது பிளாஸ்டிக் பொடியோடு கரியைக் கலந்து செய்தது. அத்தூள் அடங்கிய பெட்டி தீர்ந்ததும் அதுவும் குப்பையாகின்றது.

அட்டையின் எடையும் ஆயுளும்

இனி, சட்டைப் பையில் அடங்கும் பிளாஸ்டிக் அட்டையைப் பார்ப்போம். ஏ.டி.எம். அட்டையின் அளவுள்ள பி.வி.சி. அட்டை ஒன்றின் எடையும் ஏறக்குறைய 5 கிராமே. அதாவது ஓர் அட்டையும் ஒரு நகல் தாளும் ஒரே எடை. ஆனால் தாள் மழையில் நனைந்து மண்ணோடு மட்கிவிடும். பி.வி.சி. அட்டை நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மண்ணில் மட்காது கிடக்கும். தமிழ்நாட்டில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட குடும்ப அட்டைகள் உள்ளன. அட்டைக்கு 5 கிராம் என்றால், குடும்ப அட்டையில் மட்டும் 100 டன் பிளாஸ்டிக் அடங்கியிருக்கின்றது.

இதனால் அட்டையே தீது என்று முடிவு கட்டிவிடலாகாது. குடும்ப அட்டையின் வரலாறு நமக்கு வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. முன்னர் நமது மாநிலத்தில் புத்தக வடிவிலான காகிதக் குடும்ப அட்டை வழங்கப்பட்டது. 2005-இல் வழங்கப்பட்ட அட்டையின் காலம் முடிந்த பின்னர், ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி அதன் ஆயுளை நீட்டித்தார்கள். உள்தாள் ஒட்டுவதற்காக மக்கள் கடை வாசலில் வரிசையில் நின்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அட்டைகளோ எண்ணெய்க் கறை படிந்து, ஓரம் கிழிந்து, எழுத்து மறைந்து போயின. 2017 ஏப்ரல் முதல் ஸ்மார்ட் கார்டு வழங்கப்பட்டது. அதிலுள்ள கியூ.ஆர். குறியைக் கருவியில் காட்டியவுடன் குடும்பத்தின் விவரம் கணினியில் தோன்றுகின்றது. உள்தாளும் வேண்டியதில்லை, பொருள் வாங்கியதை அட்டையில் எழுத வேண்டியதுமில்லை.

ஆகவே, ஓர் அட்டை பல ஆண்டுகள் உழைத்து, பல நூறு தாள்களை மிச்சப்படுத்துமாயின் அது இலாபமே. அந்த அட்டையையே மீண்டும் மீண்டும் நகல் எடுக்கச் சொன்னால் அந்த இலாபம் வீணாகின்றது. பிளாஸ்டிக் செலவும் நம்மைச் சேர்கின்றது. காகிதச் செலவும் குறையவில்லை. கியூ.ஆர். குறி பொறித்த அட்டையை நகல் எடுத்துக் கோப்பில் வைப்பது, ஆழ்துளைக் கிணறு அமைத்த பின்பும் ஏற்றம் இறைப்பதைப் போன்றது.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். தபாலில் வரும் ஆதார் கடிதம், கணினியிலிருந்து இறக்கிக்கொள்ளும் மின் ஆதார், கைப்பேசியில் உள்ள ஆதார், ஆதார் ஆணையமே அச்சிட்டுத் தரும் பி.வி.சி. அட்டை ஆகிய நான்கும் சமமான தகுதி உடையவை. அட்டையாக இருந்தால்தான் செல்லும் என்று எண்ணி, கடைத்தெருவில் பணம் கொடுத்துப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டுக்கொள்வது வீண் செலவு. கடையில் அச்சிடும் அத்தகைய அட்டைகளில் பாதுகாப்பு அம்சங்கள் இல்லை என்று ஆதார் ஆணையமே 2022-இல் எச்சரித்துள்ளது.

பயணமே பெருஞ்செலவு

காகிதத்தையும் அட்டையையும் மட்டும் எண்ணிவிட்டு நாம் நின்றுவிடுவோமாயின், கணக்கின் பெரும்பகுதி விடுபட்டுப் போகும். அப்பெரும்பகுதி பயணமாகும்.

ஊரிலிருந்து வட்டத் தலைநகர் 15 கிலோமீட்டர் தொலைவு என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிளில் சென்று திரும்ப 30 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 600 மில்லி லிட்டர் பெட்ரோல் செலவாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படுகின்றது. ஆகவே இந்த ஒரு பயணத்தினால் வெளிப்படுவது ஒன்றே கால் கிலோவுக்கு மேல். 5 கிராம் தாள் ஒன்றைச் செய்வதனால் வெளிப்படுவதோ சில கிராம்களே. ஒரு தாள் குறைவாக இருக்கின்றது என்று ஒருவரைத் திருப்பியனுப்பும் குமாஸ்தா, நூறு தாள்களுக்கு மேற்பட்ட கேட்டைக் காற்றில் கலக்கச் செய்கின்றார் என்பதை இதனால் அறியலாம்.

பேருந்தில் செல்வோர் தனியே எரிபொருளைச் செலவிடுவதில்லை. பேருந்து எவ்வாறாயினும் ஓடும். ஆனால் அவர்கள் ஒரு நாள் கூலியை இழக்கின்றார்கள். எனவே சுற்றுப்புறத்தைக் காக்கும் வழியும் ஏழையின் பொழுதைக் காக்கும் வழியும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன. ஒருவரை ஒரு முறைக்கு மேல் வரச் செய்யாமல் இருப்பதே முதல் சீர்திருத்தமாகும்.

லேமினேஷன் என்னும் தவறான பாதுகாப்பு

பத்திரத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் மக்கள் அதனைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துச் சூடேற்றி ஒட்டிவிடுகின்றார்கள். இதனை லேமினேஷன் என்கின்றோம். இதனால் விளையும் தீமைகள் மூன்று.

முதலாவது, பிளாஸ்டிக்கும் காகிதமும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடுகின்றன. பழைய காகிதத்தைக் கூழாக்கும் ஆலைக்கும் அது உதவாது; பிளாஸ்டிக்கை உருக்கும் ஆலைக்கும் உதவாது. குப்பையைத் தவிர அதற்கு வேறு போக்கிடமில்லை.

இரண்டாவது, பத்திரமே பயன் குன்றுகின்றது. பள்ளிச் சான்றிதழிலோ பத்திரத்திலோ பின்னர் ஒரு குறிப்பு எழுத வேண்டுமானால் இயலாது. முத்திரையின் புடைப்பையும் தாளின் தன்மையையும் தடவிப் பார்த்து உண்மை காண முடியாது. சூட்டினால் அச்சு ஒட்டிக்கொண்டு எழுத்து சிதைவதும் உண்டு.

மூன்றாவது, காலாவதியான பின்னர் அதனை எரிக்கின்றார்கள். இதுவே பெருந்தீங்கு. குறிப்பாக, பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கின் எடையில் பாதிக்கு மேல் குளோரின் அடங்கியிருக்கின்றது. அது எரியும்பொழுது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் காரமான வாயுவும், டையாக்சின் என்னும் நச்சுப் பொருள்களும் தோன்றுகின்றன. டையாக்சின் சாம்பலோடு புல்லில் படிந்து, மாட்டின் உடலில் சேர்ந்து, பாலின் வழியாக நம் குழந்தைகளுக்கே திரும்பி வரவல்லது. களத்து மேட்டில் குப்பையோடு குப்பையாகப் பழைய அட்டைகளைக் கொளுத்துவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பத்திரத்தைக் காப்பதற்கு எளிய வழிகள் பல உண்டு. ஒட்டாத உறை ஒன்றில் இட்டு, தகரப் பெட்டியில் தரையில் படாதபடி உயரத்தில் வைத்து, பூச்சி அண்டாமல் உலர்ந்த வேப்பிலையைப் போட்டு வைத்தாலே போதும். உறை பழுதானால் உறையை மட்டும் மாற்றலாம், பத்திரம் கெடாது.

மின்னணுப் பத்திரமும் சட்டமும்

“கைப்பேசியில் காட்டினால் எவர் ஏற்பார்?” என்று மக்கள் ஐயுறுகின்றார்கள். இந்த ஐயம் நியாயமானதே. எனவே சட்டத்தின் நிலையை விளக்குதல் வேண்டும்.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், மின்னணுப் பதிவுக்கும் மின்னணுக் கையொப்பத்திற்கும் சட்டத் தகுதியை அளித்தது. 2015 ஜூலையில் மத்திய அரசு டிஜிலாக்கர் என்னும் மின்னணுப் பெட்டகத்தைத் தொடங்கியது. 2016-இல் வெளியிடப்பட்டு 2017-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, அப்பெட்டகத்தின் வழியாக உரிய துறையே வழங்கிய பத்திரம் அசல் பத்திரத்திற்குச் சமமானது. இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். துறையிடமிருந்து நேரே பெட்டகத்திற்கு வந்த பத்திரத்திற்கே இத்தகுதி உண்டு. நாமே படம் பிடித்து அதில் சேர்த்துக்கொண்ட பத்திரம் நகலேயன்றி அசல் ஆகாது.

வாக்காளர் அட்டையின் மின்னணு வடிவம் 2021 ஜனவரி 25-ஆம் நாள் தொடங்கப்பட்டது. வருமான வரித் துறையின் நிரந்தரக் கணக்கு எண்ணையும், ஆதார் உள்ளவர்கள் மின்னணு வடிவில் கட்டணமின்றிப் பெற 2020 முதல் வழி செய்யப்பட்டுள்ளது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-இல் செய்யப்பட்ட திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு முதலியவற்றிற்குப் பிறப்பு நாளையும் பிறந்த இடத்தையும் மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழே பயன்படும். பல பத்திரங்களைத் தேடி அலையும் நிலை வருங்காலத் தலைமுறைக்கு இதனால் குறையும். ஆதலின் இன்று பிறக்கும் குழந்தையின் பிறப்பைக் காலத்தில் பிழையின்றிப் பதிவு செய்தலே, பிற்காலத்தில் நூறு தாள்களை மிச்சப்படுத்தும் செயலாகும்.

மின்னணுப் பத்திரத்திற்கு வேறொரு நன்மையும் உண்டு. 2015-ஆம் ஆண்டு இறுதியில் சென்னையிலும் கடலூர் முதலிய மாவட்டங்களிலும் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் எண்ணற்ற குடும்பங்கள் தம் பத்திரங்களை இழந்தன. டிசம்பர் மாதத்தில் தனி முகாம்கள் நடத்தி மாற்றுப் பத்திரங்களை வழங்க வேண்டியதாயிற்று. கணினியில் உள்ள பதிவை வெள்ளம் அடித்துச் செல்வதில்லை, கறையானும் அரிப்பதில்லை.

எவரும் விடுபடலாகாது

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கைப்பேசி இல்லாத முதியவர்கள் நம் ஊர்களில் உள்ளனர். ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதுவும் மகனோடு வெளியூர் சென்றுவிடுவதுண்டு. வயல் வேலையால் விரல் ரேகை தேய்ந்தவர்களும் உள்ளனர். சிம் மாறியதால் பதிவு செய்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வாராதோரும் உள்ளனர். இவர்களிடம் “காகிதம் செல்லாது, கைப்பேசியில் காட்டு” என்று கூறுவோமாயின், மரத்தைக் காப்பதாகச் சொல்லி மனிதரைக் கைவிட்டவர்கள் ஆவோம்.

காகிதத்தைக் குறைக்கும் பொருட்டு எவருடைய உரிமையையும் குறைத்தல் கூடாது. குறைக்க வேண்டியது அலுவலகம் கேட்கும் நகல்களை. மக்கள் கையில் உள்ள ஒரே அசலையன்று. கைப்பேசி உள்ளவர் அதனைக் காட்டட்டும்; இல்லாதவர் அசலைக் காட்டட்டும். இருவரிடமும் பார்ப்பவர் கண்ணால் பார்த்து, பதிவேட்டில் குறித்துக்கொண்டு, திருப்பித் தந்துவிட வேண்டும். இம்முறையினால் எவருக்கும் இழப்பில்லை.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

எங்கள் அலுவலகத்தில் நாங்கள் செய்துகொண்ட மாற்றங்கள் சிலவற்றை இங்குக் கூறுகின்றோம். ஊராட்சிகளும் இவற்றை எளிதில் மேற்கொள்ளலாம்.

1. விதி நகல் கேட்காத இடத்தில் நகல் கேட்பதில்லை. அசலைப் பார்த்த அலுவலர், “அசல் பார்வையிடப்பட்டது” என்று விண்ணப்பத்திலேயே எழுதி, நாளிட்டுக் கையொப்பமிடுகின்றார். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் குறித்துக்கொள்கின்றார்.

2. தணிக்கைக்காக நகல் வேண்டியிருக்கும் திட்டங்களும் உள்ளன. அவற்றுக்கு ஒரு தொகுதி மட்டுமே பெறுகின்றோம். அட்டையின் இரு பக்கங்களையும் ஒரே தாளின் ஒரே பக்கத்தில் எடுக்கச் சொல்கின்றோம். இதனாலேயே தாள் பாதியாகக் குறைந்துவிட்டது.

3. ஒவ்வொரு திட்டத்திற்கும் வேண்டிய பத்திரங்களின் பட்டியலை அலுவலக வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துள்ளோம். ஊராட்சி அலுவலகச் சுவரிலும், நியாய விலைக் கடைச் சுவரிலும் இதனை எழுதி வைத்தால், மக்கள் வீட்டிலிருந்தே சரியாக எடுத்து வருவார்கள். இரண்டாம் பயணம் தவிரும்.

4. நிலப் பதிவேடுகளைக் கணினியிலேயே பார்க்க வசதி இருக்கும்பொழுது, பட்டா, சிட்டா நகலைக் கொண்டுவருமாறு விவசாயியை ஏவுவதில்லை. எண்ணைக் கேட்டு நாங்களே பார்த்துக்கொள்கின்றோம்.

5. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றில் இ-சேவை மையங்கள் இயங்குகின்றன. உரம் வாங்கவோ கடன் தவணை செலுத்தவோ வரும் நாளிலேயே சான்றிதழ் வேலையையும் முடித்துக்கொள்ளும்படி மக்களுக்கு அறிவுறுத்தலாம். ஒரு பயணத்தில் இரு வேலை நடைபெறும்.

6. கிராம சபைக் கூட்ட நாட்களில், கைப்பேசி எண்ணைப் பதிவு செய்தல், டிஜிலாக்கர் திறத்தல், பெயர்ப் பிழை திருத்த விண்ணப்பித்தல் ஆகியவற்றிற்கு உதவும்படி ஊரிலுள்ள படித்த இளைஞர்களையும் மகளிர் சுய உதவிக் குழுவினரையும் அமர்த்தலாம். பெயர்ப் பிழையைக் கவனித்தல் மிகவும் அவசியம். ஒரு பத்திரத்தில் “முத்துசாமி” என்றும் மற்றொன்றில் “முத்துச்சாமி” என்றும் இருப்பதனாலேயே பல விண்ணப்பங்கள் திரும்புகின்றன. பல பயணங்கள் நேர்கின்றன.

பழைய அட்டைகளை என் செய்வது?

செல்லாத அட்டைகளையும் நகல்களையும் அப்படியே எறிதல் ஆபத்தானது. எண்ணும் படமும் உள்ள நகல் தீயோர் கையில் சிக்கினால், பிறர் பெயரில் சிம் வாங்கவும் கடன் பெறவும் முயல்வார்கள். ஆகவே எண், படம், கியூ.ஆர். குறி ஆகியவற்றின் குறுக்கே கத்தரியால் வெட்டிவிட்டுப் பிறகே அகற்றுதல் வேண்டும். சிப் பொருத்திய அட்டையானால் சிப்பின் நடுவே வெட்டுதல் நன்று.

வெட்டிய வெறும் காகிதத்தை உரக் குழியில் சேர்க்காது, பழைய தாள் வாங்குவோரிடம் சேர்ப்பதே பயனுடையது. லேமினேஷன் செய்த தாள்களையும் பி.வி.சி. அட்டைகளையும் தனியே பையில் இட்டுத் தூய்மைக் காவலரிடம் கொடுத்தல் வேண்டும். எக்காரணத்தாலும் எரித்தலாகாது.

இங்கு ஊராட்சி உறுப்பினர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கழிவுப் பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக்கித் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் அவர்கள் உருவாக்கினார்கள். அப்பணிக்காக 2018-இல் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. நம் கிராமச் சாலைகள் பலவும் இம்முறையில் அமைந்தவை. ஆனால் பி.வி.சி. பிளாஸ்டிக்கை இச்சாலைப் பணியில் சேர்த்தலாகாது. சூடேறிய ஜல்லியின்மீது அதனைக் கொட்டினால் குளோரின் கலந்த நச்சு வாயு எழுந்து, வேலை செய்வோரைத் தாக்கும். எனவே பை, உறை முதலியவற்றோடு பழைய அட்டைகள் கலந்துவிடாதபடி தரம் பிரிக்கும் கொட்டகையிலேயே பிரித்து வைத்தல் வேண்டும்.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் தம் பத்திரங்களின் பெயர், வழங்கிய நாள், காலாவதி நாள் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டால், கடைசி நாளில் அலைய வேண்டியதில்லை. “எதற்கும் இருக்கட்டும்” என்று பத்து நகல் எடுத்து வைக்கும் வழக்கத்தை விடல் வேண்டும். பாதி நகல் பயன்படாமலே பழுப்பேறிப் போகின்றது. இருக்கும் அட்டை நல்ல நிலையில் இருக்கும்பொழுது, பளபளப்பை விரும்பிப் புதிய அட்டை கேட்டல் வேண்டா. நகல் கொடுக்க நேர்ந்தால், எதன் பொருட்டுக் கொடுக்கின்றோம் என்பதை அதன்மீதே எழுதிக் கொடுத்தல் நலம். அந்நகலை வேறொன்றிற்குப் பயன்படுத்த முடியாது.

பயிற்சி வினாக்கள்

ஊராட்சிக் கூட்டங்களிலும் விவசாயிகள் மன்றங்களிலும் கீழ்க்கண்ட வினாக்களை எடுத்துக்கொண்டு ஆராயலாம்.

1. நம் ஊரில் ஒரு குடும்பம் சென்ற ஆண்டில் எத்தனை நகல் எடுத்தது? பத்து வீடுகளில் கேட்டுச் சராசரி காண்க. அதனை ஊரின் குடும்ப எண்ணிக்கையால் பெருக்கி, 5 கிராமால் பெருக்கினால் எடை கிடைக்கும்.

2. ஒரே வேலைக்காக இரண்டாம் முறை அலுவலகம் சென்றவர் எத்தனை பேர்? எந்தக் குறையினால் திரும்பினார்கள்? அக்குறையை ஊரிலேயே முன்கூட்டித் தீர்க்க இயலுமா?

3. கைப்பேசியும் பதிவு செய்த எண்ணும் இல்லாத முதியவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்? அவர்களுக்கு உதவ எவர் பொறுப்பேற்பர்?

4. பழைய அட்டைகளும் லேமினேஷன் தாள்களும் இப்பொழுது எங்கே போய்ச் சேருகின்றன?

இவ்வினாக்களுக்கு ஊரார் கூடிக் காணும் விடைகளைத் தீர்மானமாக எழுதி எங்களுக்கு அனுப்பினால், அலுவலகங்களும் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள அது பெருந்துணையாகும். மாற்றம் முதலில் எங்கள் மேசையிலேயே தொடங்க வேண்டும் என்பதை நாங்கள் உணர்ந்துள்ளோம்.

முன்னர்க் கூறிய அம்மையாரின் விண்ணப்பம் மேற்கொண்டு நகல் ஏதுமின்றியே ஏற்கப்பட்டது. நாங்களே அவருடைய அட்டையைப் பார்த்துக் கையொப்பமிட்டு, அவர் கையிலேயே திருப்பித் தந்தோம். அதற்கு ஐந்து நிமிடமே ஆயிற்று. அந்த ஐந்து நிமிடத்தை முதல் நாளே செலவிட்டிருப்போமாயின், அவருடைய மூன்று நாள் கூலியும் வீணாகியிராது. அத்தாட்சி என்பது மனிதனுக்குத் துணை செய்ய வந்ததே. அத்துணையை, மண்ணையும் நீரையும் காற்றையும் கெடுக்காமலும், ஏழையை அலைக்கழிக்காமலும் பெறுவது நம் அனைவருடைய கூட்டு முயற்சியினால் இயலும்.